நைனாவின் நங்கூரக் கயிறு

பருக்கைமேடு
சார்வரி ஆண்டு, ஆடி 25

அக்கா அங்காளம்மாளுக்குத் தம்பி தேசப்பன் எழுதுவது. பக்கத்துக் குடிசை மரியம்மா இதைப் படித்துச் சொல்லும்போது பாதியில் எழுந்து போய்விடாதே. திட்டுவதாக இருந்தால் கடைசி வரை கேட்டுவிட்டுத் திட்டு.

சொல்லாமல் கிளம்பி வந்தது தப்பு. சொல்லியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய், அதனால்தான் சொல்லவில்லை. தோணியை அக்கரைக் குப்பத்தானிடம் கொடுத்து ஒரு ஜோடி மாடு வாங்கியதும் நான்தான். அதில் பாதி உன்னுடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு வருஷமாக ஏரிக்குக் கடல் வருகிற முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கிறது. ஏரி வற்றி உப்பேறிப்போய் மடவை மீன் செத்து மிதக்கிறது. ஓடாத தோணியைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?

நானும் பொன்னியம்மாளும் வந்திருக்கும் இடத்துக்குப் பருக்கைமேடு என்று பெயர். பொன்னேரியைத் தாண்டி மேற்கே நாலு நாள் நடை. புளியங்கொட்டையளவிலிருந்து எலுமிச்சையளவு வரை கல், கல், கண்ணுக்கு எட்டிய தூரம் அதேதான். காலை வைத்தால் நொறுநொறுவென்கிறது. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கள்ளியும் ஆவாரமும் எங்கோ ஒரு உடைமரமும் நிற்கின்றன. பகலில் கல் சுடுகிற சூட்டுக்கு ஆடுகூடப் படுக்காது, நின்றுகொண்டே அசை போடும். பொழுது சாய்ந்தால் அதே கல் சில்லிட்டுப் போகிறது.

ஆனால் ஒன்று கவனித்தேன். கல் எல்லாம் மழமழவென்று உருண்டிருக்கிறது. உலாந்தா வெள்ளைக்காரர்கள் கப்பலில் பாரத்துக்கு ஏற்றி வந்து கோட்டைப் பக்கம் கொட்டுவார்களே ஆற்றுக்கல், அதே மழமழப்பு. எந்தக் காலத்திலோ இங்கே தண்ணீர் ஓடியிருக்கிறது அக்கா. அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தைரியம் வந்தது.

இந்த மேடு ஒரு பாளையக்காரருக்குச் சொந்தம். அவருடைய மணியக்காரர் ஒரு பேச்சுப் பேசியிருக்கிறார். அடுத்த வருஷம் ஆடி முடிவதற்குள் இங்கே குடிக்கிற தண்ணீர் எடுத்துக் காட்டுகிறவனுக்கு, ஒரு பகல் இறைத்தால் எவ்வளவு நனையுமோ அவ்வளவு நிலம். ஏழு வருஷத்துக்கு விளைச்சலில் வாரம் கொடுக்க வேண்டியதில்லை. காட்டாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நீயும் வந்துவிடு. நம் குப்பத்து ஊற்றில் நம் வீட்டு ஆட்கள் கடைசியாகத்தான் மொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, பதினெட்டு வருஷமாக. எனக்கு அது போதும் போதும் என்றாகிவிட்டது. யாருக்குப் பின்னாலும் நிற்காமல் மொள்ள எனக்கு ஒரு கிணறு வேண்டும்.

உப்புப்பொதி ஏற்றிப்போகும் சகாதேவன் இதைக் கொண்டு வருவான். பதிலையும் அவனிடமே கொடு.

தேசப்பன்


புன்னைத்திட்டு
ஆவணி 12

அங்காளம்மாள் சொல்லச் சொல்ல மரியம்மா எழுதுவது. கடுமையாக இருக்கும் இடங்களை மாற்றட்டுமா என்று கேட்டேன். மாற்றினால் கையை ஒடித்துவிடுவதாகச் சொல்கிறாள். ஆகையால் அப்படியே எழுதுகிறேன்.

அடேய் தேசப்பா. கோட்டைக் கிடங்கில் துணி மூட்டைக்குக் குறி போட்டு நாலு எழுத்துக் கற்றுக்கொண்டாய், அதை வைத்து எனக்கே நியாயம் எழுதுகிறாயா? தோணி உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அது நம்மைப் பெற்ற நைனாவுடையது. முகத்துவாரம் மூடினால் மறுபடி திறக்காதா? நாம் பிறந்த பிறகு மூன்று தரம் மூடி மூன்று தரம் திறந்திருக்கிறது.

தோணியோடு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதாக நினைத்திருப்பாய். நைனா கடலுக்குப் போன காலத்து நங்கூரக் கயிறு, இரு கை விரித்து அளந்தால் இருபத்திரண்டு பாகம், என் குடிசையில் இருக்கிறது. நீ மாட்டுக்காரனோடு குசுகுசுவென்று பேசியபோதே எனக்குச் சந்தேகம். சுருட்டி எடுத்து வந்துவிட்டேன். அதையும் கேட்டுவிடாதே, தர மாட்டேன்.

கடைசியாக மொள்ளுவதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. தினம் போய் நிற்கிறேன். அவர்கள் மொண்டு கலக்கிவிட்டுப் போன பிறகு தெளிகிற வரை உட்கார்ந்திருந்து மொள்ளுகிறேன். நீ ஓடிப்போனாய், நான் நிற்கிறேன். அதுதான் நம் இரண்டு பேருக்கும் வித்தியாசம்.

ஏரியில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. கையால் தடவி இறால் பிடிக்கிறேன். வாயில் கவ்வின கூடை நிறைவதற்குள் பல் வலி எடுத்துவிடுகிறது. ஆனாலும் கஞ்சிக்குக் குறைவில்லை. நான் வர மாட்டேன்.

பொன்னியம்மாளைப் பட்டினி போடாதே.

அங்காளம்மாள்


பருக்கைமேடு
ஐப்பசி 20

அக்கா,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். பொன்னியம்மாள் கேட்டுவிட்டுச் சிரித்தாள், "அக்கா நல்லாத்தான் கீறாங்க"ன்னு சொன்னாள். அவள் முழுகாமல் இருக்கிறாள். மூன்று மாதம்.

இங்கே மழை வந்தது. இரண்டே நாள். எப்படிப்பட்ட மழை என்கிறாய்! கல்லில் அடித்துத் தெறித்துப் புகை மாதிரி எழும்பியது. நான் சட்டி பானை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுக் குதித்தேன். ஒரு நாழிகை கழித்துப் பார்த்தால் மேடு காய்ந்து கிடக்கிறது. பாதி ஓடிவிட்டது, பாதி கல்லுக்கிடையில் இறங்கிவிட்டது. எங்கே இறங்கியது என்பதுதான் தெரியவில்லை.

குடிக்கத் தண்ணீர் மலையடிச் சுனையிலிருந்துதான். போக மூன்று நாழிகை, குடத்தோடு திரும்ப நாலு நாழிகை. பொன்னியம்மாளைப் போக வேண்டாம் என்றால் கேட்கிறாளா? மேட்டில் எங்களைத் தவிர கஸ்தூரியம்மாள் என்றொருத்தி இருக்கிறாள். நூறு ஆடு, இரண்டு மகன்கள். இங்கே பிழைப்பு என்றால் ஆட்டுப் பிழைப்புதான். மீதிக்கு ஆவாரம்பட்டை உரித்துத் தோல் பதனிடுகிறவர்களுக்கு அனுப்புகிறார்கள். நானும் பட்டை உரிக்கிறேன். மழை ஈரத்தில் கொஞ்சம் கொள்ளு தெளித்திருக்கிறேன், முளைத்தால் சரி.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல். நம் திட்டில் ஊற்றுத் தோண்டுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. நான் ஏழு இடத்தில் தோண்டிவிட்டேன், எதிலும் ஈரமில்லை. எவ்வளவு ஆழம், என்ன அடையாளம், எந்த நேரம், எல்லாம் விவரமாகச் சொல்லி அனுப்பு.

தேசப்பன்


புன்னைத்திட்டு
கார்த்திகை 8

தேசப்பா,

பிள்ளை வரப்போகிற செய்தி கேட்டு மரியம்மா கையிலிருந்த ஏட்டைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

சொல்கிறேன், கேள். காலையில் பனி காயும்போது எந்த இடத்து மணல் கடைசியாகக் காய்கிறதோ அங்கே கை வை. குளிர்ந்தால் தோண்டு. இடுப்பளவுதான். அதற்குக் கீழே ஒரு சாண்கூடப் போகாதே. மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீர் மேலே மிதக்கிறது, பால் மேல் ஆடை மாதிரி. ஆடையை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு குழியில் தண்ணீர் வராவிட்டால் அதையே ஆழமாக்காதே, நாலு எட்டுத் தள்ளிப் புதிதாகத் தோண்டு. அதுவும் வராவிட்டால் இன்னும் நாலு எட்டு.

நைனா என்ன செய்தார் என்று உனக்கு முழுதாகத் தெரியாது, உனக்கு அப்போது ஆறு வயது. அந்த வருஷமும் இப்படித்தான் காய்ந்தது. ஊர் தாகத்தில் கிடக்கிறதே என்று அவர் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டினார். முதல் மாதம் தண்ணீர் பொங்கியது. தேசப்பன் அப்பனைப் போல உண்டா என்று தூக்கி வைத்து ஆடினார்கள். அடுத்த மாதம் அடியிலிருந்து உப்பு ஏறியது. அந்தக் குழி மட்டும் இல்லை, திட்டில் இருந்த அத்தனை ஊற்றும் கெட்டது. மூன்று வருஷம் கோட்டைப் பக்கத்திலிருந்து படகில் தண்ணீர் கொண்டுவந்தோம். அதிலிருந்துதான் நம் வீட்டுக்கு ஊற்றில் கடைசி இடம், அதிலேதான் நைனா ஒடிந்து போனார். சாகிற அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆழமா மட்டும் தோண்டாதீங்கம்மா"ன்னு சொன்னார். அது ஒன்றுதான் சொன்னார்.

அதனால்தான் சொல்கிறேன். நிலம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இன்னொரு ஊர்த் தண்ணீரை நம் வீட்டுக் கை கெடுக்க வேண்டாம்.

இங்கே மழை பொய்த்துவிட்டது. முகத்துவாரம் திறக்கவில்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

அங்காளம்மாள்


பருக்கைமேடு
மாசி 14

அக்கா,

நீ சொன்னபடியே செய்துவருகிறேன். இதுவரை நாற்பத்தொரு குழி. எல்லாம் இடுப்பளவு, ஒரு சாண் கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை. கடப்பாரை இரண்டு தரம் கொல்லனிடம் போய் வந்துவிட்டது. மேட்டைப் பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கிறது. போன வாரம் கஸ்தூரியம்மாளின் ஆடு ஒன்று குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டது. அதற்கு ஈடாக ஒரு வாரம் ஆடு மேய்த்தேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "இன்னாப்பா இது, கிணறு வெட்டறியா, நாத்து நட குழி போடறியா? எங்க ஊர்ல கிணறுன்னா பன்னெண்டு ஆள் எறங்கணும். மேலாக்கக் கீறிட்டுப் போனா தண்ணி எழுந்து வந்து கும்பிடுமா?" என்கிறாள். அவளே ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். "ஆடு போற எடத்துக்குப் போறவ நானு. எனக்கெதுக்கு கிணறு?" என்றாள்.

பன்னிரண்டு ஆள்! நைனா போனது இரண்டு ஆள்தான். ஒரு நாள் ஆத்திரத்தில் ஒரு குழியில் கழுத்தளவு இறங்கிவிட்டேன். அங்கே நின்றபடி மேலே பார்த்தேன், நைனா கடைசியாகச் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. ஏறி வந்து அன்றைக்கே மூடிவிட்டேன். நான் கோழை இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் மூடினேன்.

பொன்னியம்மாளுக்கு ஏழாவது மாதம். சுனையில் தண்ணீர் குறைந்து சேறாக வருகிறது. கொள்ளு ஒரு சாண் வளர்ந்து கருகிவிட்டது. வெயில் இப்போதே கொளுத்துகிறது, சித்திரை வைகாசியில் எப்படியிருக்குமோ.

நான் திரும்பி வர மாட்டேன். அதை மட்டும் எதிர்பார்க்காதே. நாளைக்கு நாற்பத்திரண்டாவது குழி.

தேசப்பன்


புன்னைத்திட்டு
பங்குனி 3

தேசப்பா,

உன் கடிதத்தைக் கேட்ட பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சகாதேவனைப் பிடித்து உட்கார வைத்தேன். அவன் பொதிமாட்டோடு மேற்கே இருக்கிற ஊரெல்லாம் போகிறவன். எங்கெங்கே கிணறு, எத்தனை ஆழம், எந்தத் தண்ணீர் எப்படி ருசிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "அக்கா, மேட்டு ஊர்ல மேலாக்க இருக்கிற தண்ணிதான் கரிக்கும். ஆழம் போகப் போக தித்திக்கும்"னு சொல்கிறான். நான் நம்பவில்லை. தன் பிள்ளைமேல் சத்தியம் செய்தான்.

கேட்டுக்கொள். நான் சொன்னது தப்பு. மரியம்மா, இதைப் பெரிய எழுத்தாக எழுது. நான் சொன்னது தப்பு. நம் திட்டைச் சுற்றிக் கடல் இருக்கிறது, அதனால் கீழே உப்பு. உன் மேட்டுக்குக் கீழே ஏது கடல்? எனக்குத் தெரிந்தது ஒரு கைப்பிடி மணல், அதை உலகம் முழுதும் அப்படித்தான் என்று நினைத்து உன் இடுப்பை ஒடித்துவிட்டேன். நாற்பத்தொரு குழியும் என் குழிதான்.

நைனாவும் தப்புச் செய்யவில்லை. தாகத்துக்குத் தோண்டினார். தோண்டின இடம் அப்படி. பதினெட்டு வருஷமாக நான் இதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆழமாகத் தோண்டு. நைனா சொன்னாரே என்று நிற்காதே. அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன், தோண்டு.

அவ்வளவு ஆழத்திலிருந்து மண் தூக்கக் கயிறு வேண்டுமே, அந்த மேட்டில் ஆட்டுக் கயிற்றைத் தவிர என்ன இருக்கும்? நங்கூரக் கயிற்றைச் சகாதேவனிடம் கொடுத்திருக்கிறேன். இருபத்திரண்டு பாகமும் இருக்கிறதா என்று அளந்து வாங்கு. தூசியும் தும்புமாக இருக்கும். அலசி அனுப்ப இங்கே நல்ல தண்ணீர் ஏது, அப்படியே அனுப்புகிறேன். இரவல்தான். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும்.

அங்காளம்மாள்


பருக்கைமேடு
பிலவ ஆண்டு, ஆடி 19

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதுகிறேன். தண்ணீர் வந்தது. உப்பு.

சித்திரை முதல் நாள் ஆரம்பித்தோம். கஸ்தூரியம்மாளின் இரண்டு மகன்களும் கூட நின்றார்கள். இரண்டு ஆள் ஆழம் வரை பருக்கைக்கல். பிறகு சுண்ணாம்புக் கட்டி, கடப்பாரை எகிறியது. அதற்கப்புறம் மஞ்சள் களி, பிறகு பொடிப்பாறை. வைகாசி பிறந்து பத்தாம் நாள் பொன்னியம்மாளுக்குப் பெண் பிறந்தது, அன்று மட்டும்தான் வேலை நிறுத்தினோம். மேல்காற்று கிளம்பிக் கண்ணைத் திறக்க முடியாமல் பொடிக்கல்லை வாரி அடித்தது. கிணற்றுக்குள் இருந்தவனுக்குத்தான் நிழலும் குளிர்ச்சியும். உன் கயிறு இல்லாவிட்டால் மூன்று ஆளுக்கு மேல் போயிருக்க முடியாது. கூடை கூடையாக அதில்தான் தூக்கினோம். உள்ளங்கை தோலுரிந்து, அந்த இடத்தில் கயிறு பட்டால் மிளகு வைத்த மாதிரி எரியும். அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை.

முந்தாநாள் மாலை பன்னிரண்டாவது ஆளில் கடப்பாரை மணலில் இறங்கியது. உருண்டைக் கல்லும் மணலும், மேலே கிடக்கிறதே அதே கல். கை வைத்தேன், ஈரம். நான் போட்ட கூச்சலில் கயிற்றைப் பிடித்திருந்தவன் பயந்து கையை விட்டுவிட்டான். கூடையும் கயிறு முழுதும் என் தலைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தன. நல்லவேளை, அடிபடவில்லை. இருட்டிவிட்டதால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுச் சுவரில் வெட்டிய குழிகளில் கால் வைத்து ஏறி வந்தேன். விடிந்ததும் இறங்கினேன். கயிற்றுச் சுருள் மூழ்கும் அளவுக்கு ஊறியிருந்தது, ஒரு குடம் தேறும். அள்ளி வாயில் வைத்தேன்.

அக்கா, ஏரித் தண்ணீர் மாதிரியே கரித்தது. கஸ்தூரியம்மாளும் குடித்துப் பார்த்துத் துப்பினாள். கயிற்றையும் கூடையையும் மேலே எடுத்தோம். அதற்குப் பிறகு நான் இறங்கவில்லை. காலடியில் நைனா நிற்பது போல் இருக்கிறது. இது பரவிச் சுனையும் கெட்டுவிட்டால்? இந்த மேட்டில் ஆடும் மனிதரும் வேறு எதைக் குடிப்பார்கள்? மூடிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தேன். கஸ்தூரியம்மாள் கிணற்று வாயில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "என் மவனுங்க முதுகு ஒடிஞ்ச கிணறு இது. மூடணும்னா மொதல்ல என் மேல மண்ணைப் போடு" என்கிறாள்.

மணியக்காரர் ஆடி கடைசி நாள் வருகிறார். பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிணற்றை மூடிவிட்டு வேறு எங்காவது போய்விடுவோம். உன் முகத்தில் விழிக்க வர மாட்டேன்.

தேசப்பன்


புன்னைத்திட்டு
ஆடி 23

தேசப்பா,

இந்தக் கடிதத்தைச் சகாதேவனிடம் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். நான் வந்து நின்றால் பேச வராது, உன்னைப் பார்த்ததும் ஒன்று அழுவேன், இல்லாவிட்டால் அடிப்பேன். அதனால் சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொள்கிறேன். வந்ததும் இதை உன் கையில் கொடுப்பேன். நீ படித்துக்கொண்டிரு, நான் கிணற்றில் இறங்கிவிடுவேன்.

முட்டாளே. ராத்திரி முழுதும் அந்தத் தண்ணீரில் எது கிடந்தது? நைனாவின் கயிறு. இருபது வருஷம் கடலிலும் ஏரியிலும் ஊறி ஊறிக் காய்ந்த கயிறு. அதை நக்கினாலே நாக்கு வெந்துபோகும். உள்ளங்கை ஏன் எரிந்தது என்று நீ யோசிக்கவில்லையா? அலசாமல் அனுப்பினேன் என்று நான் எழுதினேனே, அதுகூடவா உறைக்கவில்லை? நீ குடித்தது கிணற்றுத் தண்ணீர் இல்லையடா. ஏரித் தண்ணீர். அதனால்தான் ஏரி மாதிரியே கரித்தது.

மரியம்மா கேட்கிறாள், நிஜமாகவே கிணறு உப்பாக இருந்தால் என்ன செய்வாய் என்று. இருந்தால் அடுத்த கிணறு வெட்டுவோம். நானும் கூட நின்று மண் சுமப்பேன். ஆனால் கயிறு கிடக்காத தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்துப் பார்க்காமல் யாரும் எதையும் மூடக் கூடாது.

நான் இந்த ஏரியை விட்டுப் பொன்னேரிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. வழி கேட்டுக் கேட்டு வருவேன். நாலு நாள் நடை என்றாய், மூன்று நாளில் வரப் பார்க்கிறேன். அதுவரை அந்த ஆட்டுக்காரி கிணற்று வாயை விட்டு எழுந்திருக்காமல் இருக்க வேண்டும். அவளுக்கு ஒரு கூடைக் கருவாடு எடுத்து வருகிறேன்.

அங்காளம்மாள்


பருக்கைமேடு
ஆவணி 20

அக்கா,

நீ கிளம்பிப் போய்ப் பதினேழு நாளாகிறது. மேட்டில் இன்னும் உன் பேச்சுதான். பாதம் வெடித்து ரத்தம் வர நீ வந்து நின்றதும், கடிதத்தை என் மார்பில் அறைந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு சுவர்க்குழியில் கால் வைத்து இறங்கியதும், கஸ்தூரியம்மாள் போகிற வருகிற பொதிக்காரர்களிடமெல்லாம் நடித்துக் காட்டுகிறாள்.

நான் கடிதத்தை முதல் நாலு வரி படிப்பதற்குள் கீழேயிருந்து சத்தம் வந்தது. "அடேய் தேசப்பா, சக்கரைடா!" அந்தக் குரலை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். நைனாவுக்குக் கேட்டிருக்கும்.

மணியக்காரர் குடித்ததை நீ பார்த்தாய். இரண்டு செம்பு குடித்துவிட்டு மூன்றாவதைத் தலையில் ஊற்றிக்கொண்டாரே! அவர் சொன்னபடி மாடு பூட்டிக் கவலையேற்றம் போட்டு ஒரு பகல் இறைத்தோம். கஞ்சத்தனம் பண்ணாமல் அளந்தார். பருக்கையைப் பொறுக்கி வரப்பாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். கேழ்வரகு நாற்று விட்டிருக்கிறேன், பச்சை தெரிகிறது. பொன்னியம்மாள் காலையில் பத்தடி நடந்து தண்ணீர் மொள்ளுகிறாள். மொண்டுவிட்டுக் குடத்தோடு சும்மா நின்றுகொண்டிருக்கிறாள். ஏன் நிற்கிறாய் என்றால், "யாரும் பின்னால இல்லியே, அதான்" என்கிறாள்.

பொதிக்காரர்கள் இந்த வழியாகத் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். கிணற்றுக்கு அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள், மீன்காரி கிணறு என்று.

நான் எவ்வளவு கெஞ்சியும் நீ தங்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் இருப்பது என்றாய். எனக்கு வருத்தம்தான், ஆனால் இப்போது கோபமில்லை. போகும்போது கயிற்றை அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாய். அனுப்ப மாட்டேன். ஏற்றத்துக்கு அது வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அது இங்கே இருந்தால் நீ இங்கே இருக்கிற மாதிரி இருக்கிறது. தோணியை விற்றதற்கு நீ என்னைத் திட்டியது நியாயம். கயிற்றுக்குத் திட்டினாலும் சரி, தர மாட்டேன்.

தேசப்பன்


புன்னைத்திட்டு
புரட்டாசி 5

தேசப்பா,

நீ சகாதேவனிடம் கொடுத்தனுப்பிய தண்ணீர்க் குடம் பாதி வழியில் தளும்பிக் குறைந்து, முக்கால் குடம் வந்து சேர்ந்தது. ஊற்றண்டை வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தேன். எங்கிருந்து என்று கேட்டார்கள். என் தம்பி பன்னிரண்டு ஆள் ஆழத்திலிருந்து எடுத்தது என்றேன். மறுநாள் முன்னால் நின்றவள் நகர்ந்து, "நீ மொண்டுக்கோ அங்காளம்மா"ன்னு சொன்னாள். நான் மொண்டேன். மொண்டுவிட்டுக் குடிசைக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

வானம் கருக்கிறது. இந்த ஐப்பசியில் முகத்துவாரம் திறக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கயிற்றை நீயே வைத்துக்கொள். திட்ட மாட்டேன். ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது, நீ தோணியில் அதிகம் இருந்தவன் இல்லை. அது உப்புத் தண்ணீரில் வளர்ந்த கயிறு. நல்ல தண்ணீரிலேயே கிடந்தால் நார் இற்றுப் பொடியாகிவிடும், ஒரு நாள் ஏற்றத்தோடு அறுந்து கிணற்றில் விழும். வருஷத்துக்கு ஒரு தரம் அதை ஏரியில் பத்து நாளாவது ஊறப்போட வேண்டும், மறுபடி கிணற்றில் விடுமுன் அலசிக்கொள்ளலாம். வேறு யாரிடமும் கொடுத்து அனுப்பாதே, பொதிமாட்டில் தேய்ந்துபோகும். நீயே தோளில் போட்டு எடுத்து வா.

அறுவடை முடிந்து தை பிறந்ததும் கிளம்பு. பொன்னியம்மாளையும் கூட்டி வா. குழந்தைக்கு அதற்குள் எட்டு மாதம் ஆகியிருக்கும். அவளைத் தோளில் வைத்துக்கொண்டால் கயிற்றை எங்கே போடுவது என்று கேட்பாய். குழந்தையை முதலில் தூக்கு, கயிறு அப்புறம்.

அங்காளம்மாள்